பழைய பின்சக்கர இயக்கக் காரில் எஞ்சின் மாற்றம்: குறைந்த செலவில் திட்டமிட ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய காரில் வேறொரு எஞ்சினைப் பொருத்த ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் எஞ்சினைத் தேடுவதில்தான் தொடங்குகிறார்கள். மலிவாக ஒன்று கிடைத்ததும் வாங்கிவிடுகிறார்கள். பிறகுதான் எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் ஆயில் பேன், காரின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரில் முட்டுகிறது, கியர்பாக்ஸ் பொருந்தவில்லை, வயரிங்கில் பாதியைக் காணோம் என்பதெல்லாம் தெரியவருகிறது. கொட்டகையின் மூலையில் தார்ப்பாய் போர்த்தி, ஆண்டுக்கணக்கில் அரைகுறையாக நிற்கும் கார்களில் பல இப்படித்தான் அந்த நிலைக்கு வந்தவை.

என் கருத்து இதற்கு நேர்மாறானது. எஞ்சினை வாங்குவது திட்டமிடலின் கடைசிப் பகுதியில் வர வேண்டும். பட்ஜெட்டைக் கரைப்பவை எஞ்சின் காரைத் தொடும் இடங்கள்: மவுண்டிங், ஆயில் பேன், கியர்பாக்ஸ், ப்ரொபெல்லர் ஷாஃப்ட், ஸ்டீரிங் தண்டு, எரிபொருள் குழாய், ரேடியேட்டர், வயரிங். இவை ஒவ்வொன்றுக்கும் விடை காகிதத்தில் ஏறிய பிறகு பணத்தை எடுத்தால் போதும்.

பின்சக்கர இயக்கக் கார் இந்த வேலைக்குத் தோதானது. எஞ்சின் நீளவாக்கில் நிற்கிறது, அதன் பின்னால் கியர்பாக்ஸ், நடுவில் சுழற்சியைப் பின்னால் கொண்டுசெல்லும் ஷாஃப்ட், கடைசியில் அதைச் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் என்று வரிசையாகப் பிரிந்திருப்பதால் ஒன்றை மாற்றினால் மற்றதைச் சரிசெய்துகொள்ள இடமிருக்கிறது. வோல்வோ 240, பி.எம்.டபிள்யூ. இ30, மாஸ்டா எம்.எக்ஸ்-5, நிஸ்ஸான் 240எஸ்எக்ஸ், டொயோட்டா ஏஇ86 போன்ற கார்களில் இவ்வளவு விதமான எஞ்சின்கள் ஏறியிருப்பதற்கு இந்த அமைப்பு ஒரு முக்கியக் காரணம்.

முதல் படி: காரைப் பாருங்கள்

எஞ்சின் பற்றிய பேச்சுக்கு முன்பு காரை உயர்த்தி, அடிப்பகுதியைச் சுரண்டிப் பாருங்கள். முன்பக்கச் சட்டங்கள், சஸ்பென்ஷன் மேல் தாங்கிகள், கியர்பாக்ஸ் தாங்கி பொருந்தும் இடம், பின்பக்க ஆக்சில் பிடிகள் ஆகிய நான்கையும் திருப்புளியால் அழுத்திப் பாருங்கள். துரு இருந்தால் பட்ஜெட்டின் முதல் செலவு அங்கேதான் போக வேண்டும். புதிய எஞ்சினின் முறுக்குவிசை முழுவதையும் தாங்கப்போவது அந்தத் தகடுகள்தாம்.

அடுத்து, எடைமேடையில் காரின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியாக நிறுத்தி எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். சிறிய வேலை என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். புதிய எஞ்சின் எத்தனை கிலோ கூடுகிறது, எந்த ஸ்பிரிங் வேண்டும் என்பதைப் பின்னால் ஊகிக்காமல் கணக்கிட இந்த இரண்டு எண்கள் போதும்.

பிறகு சட்டம். எஞ்சின் மாற்றத்தைப் பதிவுசெய்ய உங்கள் பகுதியின் வாகனத் துறை என்ன கேட்கிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விதிகள் இடத்துக்கு இடம் வெகுவாக மாறுகின்றன. கலிஃபோர்னியாவில், பொருத்தப்படும் எஞ்சின் காரின் ஆண்டுடையதாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருக்க வேண்டும். அந்த எஞ்சினுக்குரிய புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அனைத்தும் கூடவே வர வேண்டும். வேறு சில இடங்களில் எஞ்சின் கொள்ளளவுக்கு வரம்பு உண்டு. சில இடங்களில் பொறியாளரின் சான்றிதழ் தேவை. எஞ்சினின் தொடர் எண்ணையும் வாங்கிய ரசீதையும் பல இடங்களில் கேட்பார்கள். காப்பீட்டு நிறுவனத்திடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். சாலையில் ஓட அனுமதி கிடைக்காத எஞ்சின் எவ்வளவு மலிவாக வந்தாலும் அது நட்டமே.

இரண்டாம் படி: காரின் நோக்கத்தை ஒரே வரியில் எழுதுங்கள்

"தினமும் ஓட்டும், மலையேறத் திணறாத கார்" என்பது ஒரு திட்டம். "வார இறுதியில் பந்தயத் தடத்தில் ஓட்டும் கார்" என்பது வேறொரு திட்டம். இரண்டையும் ஒரே காரில் செய்ய முயன்றால் செலவும் இரண்டு மடங்காகும். எழுதிய வரியை வேலை முடியும்வரை மாற்றாதீர்கள். பாதி வழியில் "இவ்வளவு செய்தாகிவிட்டது, ஒரு டர்போவும் வைத்துவிடலாமே" என்று தோன்றும் தருணத்தில்தான் பல பட்ஜெட்டுகள் உடைகின்றன.

மூன்றாம் படி: எந்த எஞ்சின்?

எஞ்சின்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்பது என் வழக்கம்.

முதல் வகை, அதே குடும்பத்து எஞ்சின். பணம் குறைவு என்றால் முதலில் இங்கே தேடுங்கள். வோல்வோ 240 நல்ல எடுத்துக்காட்டு. 1974 முதல் 1993 வரை வந்த இந்தக் காரின் பிந்தைய ஆண்டுகளில் பி230 எஞ்சின் இருந்தது. அதன் டர்போ வடிவமான பி230எஃப்டி, 740, 940 மாடல்களில் வந்தது. எஞ்சினின் அடிப்படை உடலான பிளாக் ஒன்றே என்பதால் 240-இன் சொந்த மவுண்டிங் தாங்கிகளையே அதில் பூட்டலாம். வெல்டிங் வேலை பெரும்பாலும் இல்லை. இதில் வரும் சக்தி சிலருக்குக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் சில வார இறுதிகளில் முடிந்து ஓடக்கூடிய திட்டம் இது. பழைய காரை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நான் சொல்லும் யோசனை இதுதான்.

இரண்டாம் வகை, வேறு குடும்பத்து எஞ்சின், ஆனால் பலர் ஏற்கெனவே பொருத்திப் பார்த்தது. பி.எம்.டபிள்யூ. இ30-இல் 24 வால்வு எம்50 எஞ்சினைப் பொருத்துவது இப்படிப்பட்டது. இதற்கு அதே நிறுவனத்தின் இ34 காரின் ஆயில் பேன், அதன் எண்ணெய் உறிஞ்சு குழாய், எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் ஆகியவை தேவை; காற்றை உள்ளே கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டு, பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரை நெருக்குவதால் சிறிய பூஸ்டர் தேட வேண்டும். இவை எல்லாம் முன்கூட்டியே தெரிந்த சிக்கல்கள் என்பதால் விலை போட முடிகிறது. ஜெனரல் மோட்டார்ஸின் எட்டு சிலிண்டர் எல்.எஸ். குடும்பமும் இதே வகை. 1997-இல் கார்வெட்டில் எல்.எஸ்.1 ஆக வந்து, 1999 முதல் 4.8, 5.3 லிட்டர் இரும்பு பிளாக்குடன் டிரக்குகளில் ஏறியது. டிரக் எஞ்சின்கள் ஏராளமாகக் கிடைப்பதால் விலை குறைவு. ஆனால் அவற்றின் ஆயில் பேன் ஆழமானது. இன்டேக் மேனிஃபோல்டு உயரமானது. தாழ்ந்த காரில் ஒன்று தரையை நெருங்கும், மற்றது பானட்டை முட்டும். ஆகவே டிரக் எஞ்சினின் விலையோடு ஆழம் குறைந்த பேன் ஒன்றின் விலையையும் சேர்த்துத்தான் மலிவா இல்லையா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாம் வகை, யாரும் செய்யாதது. இதைச் செய்பவர்களின் திறமைமீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் குறைந்த செலவு என்ற சொல்லோடு இது சேராது. ஒவ்வொரு தாங்கியும் ஒவ்வொரு இணைப்புத் தகடும் லேத் பட்டறையில் தனியாகப் பிறக்க வேண்டும்.

இந்த இடத்தில் இரண்டு எச்சரிக்கைகள். லெக்ஸஸில் 1989-இல் வந்த 4.0 லிட்டர் 1யூஇசட்-எஃப்இ அருமையான எஞ்சின். அலுமினிய பிளாக், மென்மையான ஓட்டம். ஆனால் தொழிற்சாலையிலிருந்து ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு மட்டுமே வந்தது. மேனுவல் வேண்டுமானால் இணைப்புத் தகடு, ஃப்ளைவீல், கிளட்ச் என்று தனிப் பட்டியல் தொடங்கிவிடும். மற்றொன்று, முன்சக்கர இயக்கக் கார்களுக்காகக் குறுக்குவாக்கில் வடிவமைத்த எஞ்சின்கள். ஹோண்டாவின் கே24 எம்.எக்ஸ்-5-இல் அழகாகப் பொருந்துகிறது என்பது உண்மை. ஆனால் நீளவாக்கில் திருப்பியதும் ஆயில் பேன், தண்ணீர் வெளியேறும் வழி, இன்டேக், கியர்பாக்ஸ் இணைப்பு எல்லாம் மாற வேண்டும். எஞ்சினைவிட அந்தப் பாகங்களின் தொகுதிக்கு அதிகம் கொடுக்க நேரலாம்.

நான்காம் படி: அளவெடுங்கள்

காகிதமும் நாடாவும் எடுத்துக்கொண்டு எஞ்சின் அறையில் ஒரு நாள் செலவிடுங்கள். கார் தன் சக்கரங்களின்மீது வழக்கமான உயரத்தில் நிற்க வேண்டும். ஜாக்கில் தொங்கும்போது எடுத்த உயர அளவுகள் பயன்படாது.

எஞ்சினின் நீளம், அகலம், உயரம் என்ற மூன்று எண்களை மட்டும் பார்த்து முடிவெடுப்பது பெரிய தவறு. உண்மையில் தீர்ப்பு சொல்லும் இடம் ஆயில் பேனின் குழி. அது முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா, உங்கள் காரின் கிராஸ் மெம்பர் எங்கே ஓடுகிறது? இவை இரண்டும் ஒரே இடத்தில் வந்தால் எஞ்சின் மேலே ஏற வேண்டும் அல்லது பின்னால் போக வேண்டும். மேலே ஏறினால் பானட் மூடாது. ஈர்ப்பு மையமும் உயரும். பின்னால் போனால், எஞ்சின் அறையைப் பயணிகள் பகுதியிலிருந்து பிரிக்கும் ஃபயர்வாலில் இடிக்கும்.

அடுத்தது ஸ்டீரிங் தண்டு. அது எஞ்சினின் எந்தப் பக்கத்தில் இறங்குகிறதோ அந்தப் பக்கத்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டோடு சண்டை போடும். முறுக்குவிசையில் எஞ்சின் ரப்பர் மவுண்டிங்மீது சாய்ந்தாடும் என்பதால், நகரும் எஞ்சினுக்கும் நகராத உடலுக்கும் இடையே எல்லா இடத்திலும் குறைந்தது 15 முதல் 20 மி.மீ. விடுங்கள். வெப்பம் மிகுந்த மேனிஃபோல்டு அருகே பிரேக் குழாயோ எரிபொருள் குழாயோ போனால் இந்த இடைவெளி போதாது. குழாயின் பாதையையே மாற்றுங்கள்.

கியர் கம்பி வெளிவரும் துளையையும் மறக்காதீர்கள். கியர்பாக்ஸின் பின்முகத்திலிருந்து கம்பி வரை எத்தனை மி.மீ., காரின் தரையில் கியர்பாக்ஸுக்காக எழுப்பிய சுரங்கத்தில் துளை எங்கே என்று கணக்கிட்டால், எஞ்சினை எங்கே நிறுத்தலாம் என்பது பாதி முடிவாகிவிடும். சுரங்கத்தை வெட்டாமல் தப்பித்தால் பெரும் சேமிப்பு.

அட்டையில் வெட்டிய மாதிரிகள் இதற்கு நன்றாக உதவும். இன்னும் நல்லது, விரிசல் விட்டு எடைக்குப் போகவிருக்கும் அதே வகைப் பிளாக் ஒன்றை இரவல் வாங்குவது. உள்ளே பாகங்கள் இல்லாத வெறும் பிளாக்கை இருவர் சேர்ந்து நகர்த்திப் பார்க்கலாம்.

ஐந்தாம் படி: பட்ஜெட் தாள்

ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள்: பொருள், எதிர்பார்க்கும் விலை, கொடுத்த விலை. முதல் பத்தியில் எஞ்சின் ஒரே ஒரு வரியாக இருக்கும். நன்றாக எழுதப்பட்ட தாளில் எஞ்சினின் விலை மொத்தத்தில் கால்பங்கைத் தாண்டுவதில்லை என்பது என் கணிப்பு. பாதிப் பங்கு எஞ்சினுக்கே போகிறது என்று உங்கள் தாள் சொன்னால், எஞ்சின் விலை அதிகம் என்று முடிவுகட்ட வேண்டாம். எழுதாமல் விட்ட வரிகள் இருக்கின்றன என்று பொருள்.

வழக்கமாக விடுபடும் வரிகளைச் சொல்கிறேன். கிளட்ச் தட்டும் ரிலீஸ் பேரிங்கும், பின் ஆயில் சீல், கேஸ்கெட்டுகள், எல்லா ரப்பர் ஹோஸ்களும் கிளிப்புகளும், எஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய், கூலன்ட், ஷாஃப்டை வெட்டிச் சமன்படுத்தும் கூலி, எக்ஸாஸ்ட் குழாய் வளைக்கும் கூலி, ரிலேக்கள், ஃபியூஸ் பெட்டி, நல்ல தரத்து வயர், சரியான தரத்து போல்ட்டுகள், இரவல் கிடைக்காத கருவிகளின் வாடகை, பதிவுக் கட்டணம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சில்லறை. சேர்த்துப் பார்த்தால் எஞ்சினின் விலையை எட்டிவிடும்.

மொத்தத்தின்மேல் 25 சதவீதம் சேர்த்து ஒதுக்கிவையுங்கள். அந்தத் தொகையைத் தொடும் உரிமை எதிர்பாராத சிக்கலுக்கு மட்டுமே உண்டு. பளபளப்பான வால்வு மூடிக்கு இல்லை. பழைய எஞ்சினை விற்று வரும் பணத்தை வருமானப் பத்தியில் எழுதாதீர்கள். அது வந்தால் நல்லது. வரும் என்று நம்பிச் செலவிடக் கூடாது.

ஆறாம் படி: இப்போது எஞ்சின் வாங்குங்கள்

முடிந்தால் எஞ்சினை மட்டும் வாங்காமல், மோதிய அல்லது துருப்பிடித்த முழு டோனர் காரை, அதாவது பாகங்களுக்காகவே வாங்கும் காரை, வாங்குங்கள். கியர்பாக்ஸ், ஃப்ளைவீல், வயரிங், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு., சாவியும் வேறு சாவியில் எஞ்சின் எழும்பாமல் தடுக்கும் இம்மொபிலைசர் பெட்டியும், ஆக்சிலரேட்டர் பெடல், எரிபொருள் பம்பு, ரேடியேட்டர் விசிறி, ஆக்சிஜன் சென்சார், ஏர் ஃபில்டர் பெட்டி, தாங்கிகள், போல்ட்டுகள்வரை அதிலேயே இருக்கும். அந்த எஞ்சின் ஓடும் சத்தத்தைக் காதால் கேட்டு வாங்கலாம். தேவையான பாகங்களைக் கழற்றிய பிறகு மிச்சத்தை விற்றுவிடலாம். ஆனால் புதிய எஞ்சின் உங்கள் காரில் ஓடும்வரை டோனர் காரின் ஒரு கிளிப்பைக்கூட விற்காதீர்கள்.

எஞ்சினைச் சோதிக்கும் முறை எளியது. எண்ணெய் மூடியின் உட்புறத்தில் கறுத்த களிம்பு படிந்திருந்தால் எண்ணெய் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள். பால் நிறத்துக் குழம்பு நிறைய இருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். அடுத்து, ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் உண்டாக்குகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனை. எஞ்சினைச் சூடாக்கி, எரிபொருளையும் தீப்பொறியையும் துண்டித்து, எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் அளவிடுங்கள். எண்ணின் உயரத்தைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான ஒற்றுமை முக்கியம். மிகக் குறைந்த எண் மிக உயர்ந்த எண்ணிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் நான் வாங்கமாட்டேன். ஓட வைக்க முடியாத எஞ்சின் என்றால், குறைந்தபட்சம் கிராங்க் போல்ட்டில் பாக்ஸ் ஸ்பேனர் போட்டு இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றிப் பாருங்கள். எங்காவது இறுகி நின்றால் விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

எஞ்சின் வீடு வந்ததும், காரில் ஏற்றும் முன்பே பின் ஆயில் சீல், ஆயில் பேன் கேஸ்கெட், தண்ணீர் பம்பு, தெர்மோஸ்டாட், டைமிங் பெல்ட் இருந்தால் அதையும் அதன் டென்ஷனரையும் மாற்றுங்கள். ஸ்டாண்டில் நிற்கும்போது இவை ஒரு மாலை வேலை. காரில் ஏறிய பிறகு பின் ஆயில் சீலுக்காக மறுபடியும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.

ஏழாம் படி: கியர்பாக்ஸ் இணைப்பு

எஞ்சினோடு பிறந்த கியர்பாக்ஸையே கொண்டுவருவது பெரும்பாலும் மலிவானது. பழைய கியர்பாக்ஸை இணைப்புத் தகட்டோடு வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அதன் முறுக்குவிசைத் தாங்குதிறன் புதிய எஞ்சினுக்குக் குறைவு என்றால் ஒரே பருவத்தில் பற்கள் தேய்ந்து இரண்டாவது முறை செலவு வரும்.

இணைப்புத் தகடு பயன்படுத்தினால், எஞ்சினோடு சேரும் கியர்பாக்ஸ் உறையான பெல் ஹவுசிங்கின் மையத் துளை கிராங்க் தண்டோடு ஒரே மையத்தில் இருக்கிறதா என்று, நுண்ணிய அசைவை ஊசியால் காட்டும் டயல் கேஜால் பார்த்தே ஆக வேண்டும். ஃப்ளைவீலில் காந்தத் தாங்கியோடு கேஜைப் பொருத்தி, அதன் முனையை மையத் துளையின் உள்விளிம்பில் தொடவிட்டு கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஊசியின் மொத்த அசைவு ஏறத்தாழ 0.13 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பெல் ஹவுசிங்கை இடத்தில் நிறுத்தும், மையம் விலக்கிய டவல் ஊசிகள் போட்டுச் சரிசெய்யலாம். இதைச் செய்யாமல் பூட்டினால் கியர் விழும்போது உறுத்தும், உள்ளீட்டுத் தண்டின் பேரிங் சீக்கிரம் கத்தத் தொடங்கும். காரணம் எங்கே என்று தேடிக் களைத்துவிடுவீர்கள்.

ஆட்டோமேட்டிக்கோடு இருந்த எஞ்சினில் மேனுவலைப் பூட்டும்போது கிராங்க் முனையில், கியர்பாக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் இருக்கிறதா என்று பாருங்கள். சின்னஞ்சிறு பாகம், விடுபட்டால் முழு கியர்பாக்ஸையும் இறக்க வேண்டும். கேபிள் கிளட்சிலிருந்து ஹைட்ராலிக் கிளட்சுக்கு மாறினால், பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் விட்டம், கீழே கியர்பாக்ஸில் இருக்கும் சிலிண்டரோடு ஒத்துப்போக வேண்டும். மாஸ்டர் சிறிதானால் கிளட்ச் முழுதாக விடுபடாது. பெரிதானால் பெடல் கல்லாக இருக்கும்.

எட்டாம் படி: எஞ்சினை நிறுத்தி, மவுண்டிங் அமைத்தல்

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாகப் பூட்டி செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, இடத்தில் இறக்கி, கியர்பாக்ஸின் வால்பகுதியை ஜாக்கில் தாங்குங்கள். எஞ்சினின் பின்பக்கம் ஏறத்தாழ 3 டிகிரி தாழ்ந்திருப்பது பல கார்களில் உள்ள அமைப்பு. இந்தக் கோணம் டிஃபரன்ஷியலின் உள்ளீட்டுத் தண்டான பினியனின் கோணத்தோடு சேர்ந்து செயல்படுகிறது. ஷாஃப்டின் இரு முனைகளிலும் ஜாயிண்ட் கோணங்கள் ஒன்றுக்கொன்று சமமாகவும் எதிராகவும் இருந்தால், முன் ஜாயிண்டில் தோன்றும் வேக ஏற்றஇறக்கத்தைப் பின் ஜாயிண்ட் ஈடுகட்டிவிடும். வேறுபாடு ஒரு டிகிரிக்குள் இருக்கட்டும். ஒவ்வொரு ஜாயிண்டும் 1 முதல் 3 டிகிரி வளைவில் வேலை செய்யட்டும். முழுதாக நேராக வைப்பதும் தவறு. ஊசி பேரிங்குகள் சுழலாமல் ஒரே இடத்தில் பள்ளம் பதித்துவிடும். 80 கி.மீ. வேகத்தில் தொடங்கி இருக்கை வழியே ஏறும் அதிர்வுக்குப் பெரும்பாலும் இதுவோ சமன்படுத்தாத ஷாஃப்டோதான் காரணம்.

நிலை உறுதியானதும் தாங்கிகளை இரண்டு மூன்று புள்ளிகளில் மட்டும் வெல்ட் செய்து பிடியுங்கள். பானட்டை மூடுங்கள், ஸ்டீரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள், ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள், ஆயில் ஃபில்டரைக் கையால் திருக முடிகிறதா என்று சோதியுங்கள். எல்லாம் சரியென்றால் எஞ்சினை வெளியே எடுத்து முழு வெல்டிங் செய்யுங்கள். பேட்டரியையும் இ.சி.யு.வையும் கழற்றாமல் காரில் வெல்டிங் வேண்டாம். வெல்டிங்கில் உறுதியான கை இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையையாவது தேர்ந்தவரிடம் கொடுங்கள். உயிர் இதில் தொங்குகிறது.

ஷாஃப்டின் நீளத்தை எஞ்சின் நிரந்தரமாக நின்ற பிறகு, கார் சக்கரங்களில் நிற்கும்போது அளவிடுங்கள். கியர்பாக்ஸுக்குள் நுழையும் நழுவு முனை முட்டாமல் உள்ளே போக 20 முதல் 25 மி.மீ. மிச்சம் வேண்டும். வெட்டி ஒட்டிய ஷாஃப்டைச் சமன்படுத்தும் கருவி உள்ள பட்டறையில்தான் கொடுக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: டிஃபரன்ஷியல் விகிதம்

இது செலவில்லாத கணக்கு. 195/60 ஆர்15 டயரை (அகலம் 195 மி.மீ., பக்கச்சுவர் அதில் 60 சதவீதம், ரிம் 15 அங்குலம்) எடுத்துக்கொள்வோம். பக்கச்சுவர் 117 மி.மீ., இருபக்கமும் 234, ரிம் 381, விட்டம் 615 மி.மீ.; சுற்றளவு ஏறத்தாழ 1.93 மீட்டர். மணிக்கு 100 கி.மீ. என்பது நிமிடத்துக்கு 1,667 மீட்டர். அதைச் சுற்றளவால் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 863 முறை சுற்றும். பழைய நான்கு கியர் பெட்டியில் கடைசி கியர் 1.00, டிஃபரன்ஷியல் 4.10 (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 4.10 சுற்று) என்றால் எஞ்சின் 3,540 சுற்று. ஐந்தாவது கியர் 0.80 உள்ள பெட்டி வந்தால் 2,830. டிஃபரன்ஷியலும் 3.23 ஆனால் 2,230. முறுக்குவிசை நிறைந்த பெரிய எஞ்சினுக்கு 4.10 வைத்தால் முதல் கியர் தொட்டவுடன் முடிந்துவிடும், நெடுஞ்சாலையில் எரிபொருளும் வீணாகும். உங்கள் காரின் உயர் வகை மாடலிலோ ஆட்டோமேட்டிக் மாடலிலோ வேறு விகிதம் வந்திருந்தால் அந்தப் பாகம் நேராகவே பொருந்தக்கூடும்.

பத்தாம் படி: எரிபொருள், குளிர்விப்பு, எக்ஸாஸ்ட்

கார்புரேட்டர் கார்களின் பம்பு 0.3 முதல் 0.5 பார் அழுத்தம் தரும். இன்ஜெக்ஷன் எஞ்சினுக்கு 3 முதல் 4 பார் வேண்டும், எல்.எஸ். எஞ்சின்களில் பெரும்பாலானவை 4 பாரில் ஓடுபவை. ஆகவே பம்பு, ஃபில்டர், ரெகுலேட்டர் மாறும். திரும்பும் குழாய் தேவைப்படலாம். பழைய ரப்பர் குழாய்களை ஒரு அடிகூட மிச்சம் வைக்காதீர்கள். இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கென்று செய்யப்பட்ட ஹோஸையும் முழுச் சுற்றுக் கிளிப்பையும் பயன்படுத்துங்கள். பழைய டேங்கில் உள்தடுப்பு இல்லாவிட்டால் வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி பம்பு காற்றை உறிஞ்சும். டோனர் காரின் டேங்க் பம்பைத் தடுப்புக் குவளையோடு பழைய டேங்கில் பொருத்துவது சிக்கனமான தீர்வு.

ரேடியேட்டரைப் பொறுத்தவரை, டோனர் காருடையது உங்கள் காரில் நுழைந்தால் அதையே போடுங்கள். மின் விசிறிக்கு அதன் உறையும் வேண்டும். உறை இல்லாத விசிறி தன் எதிரில் உள்ள வட்டத்தை மட்டும்தான் குளிர்விக்கும். எல்.எஸ். எஞ்சினின் ஹெட்டுகளிலிருந்து வரும் சிறிய நீராவிக் குழாயை அடைத்துவிடாமல் ரேடியேட்டரின் மேல்பகுதியிலோ விரிவுத் தொட்டியிலோ சேர்த்துவிடுங்கள்.

எக்ஸாஸ்டில் முதலில் தொழிற்சாலை இரும்பு மேனிஃபோல்டைப் பொருத்திப் பாருங்கள். அழகில்லை, ஆனால் எளிதில் விரிசல் விடாது, இடத்தை அடைக்காது, கையில் ஏற்கெனவே இருக்கிறது.

பதினோராம் படி: வயரிங்

மூன்று நாளில் முடியும் என்று நினைத்து மூன்று மாதம் நிற்கும் இடம் இது. ஆனால் முறையாக அணுகினால் அச்சப்பட எதுவும் இல்லை.

தனி இ.சி.யு.வா, எஞ்சினோடு வந்ததா? மெகாஸ்கொயர்ட், ஸ்பீடுயினோ போன்ற, நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய தனி இ.சி.யு.க்கள் வாங்க மலிவானவை. ஆனால் குளிர்ந்த எஞ்சின் எழும்புவது, ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோதும் எஞ்சின் சுழலும் ஐடில் நிலைப்பது, ஏசி போடும்போது சுற்று விழாமல் இருப்பது எல்லாவற்றையும் நீங்கள் ட்யூன் செய்ய வேண்டும். எஞ்சினின் சொந்த இ.சி.யு.வில் அந்த வேலையைத் தொழிற்சாலை ஏற்கெனவே செய்து தந்திருக்கிறது. தினமும் ஓட்டும் காருக்கு என் தேர்வு சொந்த இ.சி.யு.தான். 1990-களின் பிற்பகுதியிலிருந்து வந்த பல கார்களில் இம்மொபிலைசர் இருப்பதால் சாவி, சாவித் துளையைச் சுற்றியிருக்கும் ஆன்டெனா வளையம், இம்மொபிலைசர் பெட்டி, இ.சி.யு. நான்கும் ஒரே காரிலிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் அதை நீக்கி எழுதித் தருபவரை முன்பே கண்டுபிடித்து வையுங்கள்.

டோனர் காரிலிருந்து வயரிங்கை வெட்டாதீர்கள். ஒவ்வொரு இணைப்பிலும் காகித நாடாவில் பெயர் எழுதி ஒட்டி, படம் எடுத்து, முழுதாக உருவுங்கள். பிறகு இரு கார்களின் மின்சுற்று வரைபடங்களையும் அருகருகே வைத்து, எஞ்சின் வயரிங் காரைச் சந்திக்கும் வயர்களை மட்டும் பட்டியலிடுங்கள். ஆயிரக்கணக்கில் இருப்பது போலத் தோன்றும் வயர்கள் அப்போது சுருங்கிவிடும்: நிரந்தர மின்சாரம், சாவி போட்டால் வரும் மின்சாரம், ஸ்டார்ட்டர், எரிபொருள் பம்பு ரிலே, விசிறி ரிலே, ஆல்டர்னேட்டர் விளக்கு, எண்ணெய் அழுத்தம், வெப்பமானி, எஞ்சின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர், வேக சென்சார், தரை இணைப்பு. பெரும்பாலான எஞ்சின்களுக்கு ஏறத்தாழ இவ்வளவுதான்.

சாவி போட்டால் வரும் மின்சாரத்தை எடுக்கும் இடத்தில் கவனம் தேவை. பல கார்களில் சில வயர்கள் ஸ்டார்ட்டர் சுழலும்போது மின்சாரம் இழக்கும். இ.சி.யு.வை அப்படிப்பட்ட வயரில் மாட்டினால் எஞ்சின் சுற்றும், எழும்பாது. சாவியை ஸ்டார்ட் நிலையில் பிடித்துக்கொண்டு மீட்டரால் அளந்து உறுதிசெய்யுங்கள். தரை இணைப்பில் பிளாக்கிலிருந்து உடலுக்கும், உடலிலிருந்து பேட்டரிக்கும் தடித்த கேபிள். சுரண்டிய வெறும் உலோகத்தின்மீது.

டாக்கோமீட்டர் ஒரு சுற்றுக்கு நான்கு சிலிண்டரில் 2 துடிப்பு, ஆறில் 3, எட்டில் 4 என்று எண்ணுகிறது. நான்கு சிலிண்டர் மீட்டரை எட்டு சிலிண்டர் எஞ்சினில் மாட்டினால் இரட்டிப்பாகக் காட்டும். இ.சி.யு.வின் வெளியீட்டை மாற்றவோ சிறிய மாற்றுப் பெட்டி வைக்கவோ வேண்டும்.

பன்னிரண்டாம் படி: நிறுத்தும் சக்தி

இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. மணிக்கு 100 கி.மீ.க்குப் பதில் 140-இல் போகும் காரை நிறுத்த பிரேக் ஏறத்தாழ இரு மடங்கு வெப்பத்தை விழுங்க வேண்டும். சக்தியைக் கூட்டுபவர் பிரேக்கையும் கூட்டியே ஆக வேண்டும். இது பட்ஜெட்டில் தள்ளிப்போடக்கூடிய வரி இல்லை. அதே காரின் உயர் வகை மாடலின் டிஸ்க்கும் காலிப்பரும் பெரும்பாலும் போதுமானவை. தொடக்கத்தில் எடுத்த எடைகளோடு இப்போதைய எடையை ஒப்பிட்டு முன் ஸ்பிரிங்குகளைத் தேர்ந்தெடுங்கள்.

பதின்மூன்றாம் படி: முதல் தொடக்கம்

தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பிளக்குகளைக் கழற்றி, எரிபொருளைத் துண்டித்து, எண்ணெய் அழுத்தம் மீட்டரில் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பிறகு பிளக் போட்டு, தீப்பொறியைத் துண்டித்தபடி பம்பை மட்டும் ஓடவிட்டு, டேங்கிலிருந்து எஞ்சின்வரை ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்துக் கசிவு பாருங்கள். இரண்டும் சரியென்றால் மட்டும் முழுதாக இணைத்துச் சாவியைத் திருப்புங்கள்.

எழும்பியதும் முதலில் எண்ணெய் அழுத்தத்தைப் பாருங்கள். சில நொடிகளில் ஏறாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஏறினால் தெர்மோஸ்டாட் திறந்து விசிறி தானாக ஓடி நிற்கும்வரை ஐடிலில் விடுங்கள். ஹீட்டரைத் திறந்துவைத்தால் தங்கிய காற்று எளிதில் வெளியேறும்.

முதல் ஓட்டத்தை வீட்டைச் சுற்றியே வைத்துக்கொள்ளுங்கள். ஷாஃப்ட், மவுண்டிங், கியர்பாக்ஸ் தாங்கி, பெல் ஹவுசிங், ஸ்டீரிங் தண்டு ஆகியவற்றின் ஒவ்வொரு போல்ட்டையும் குறித்த இறுக்கத்தில் பூட்டியதும், தலையிலிருந்து உலோகத்தின்மீது ஒரு நேர்கோட்டைப் பெயின்ட்டால் இழுத்துவிடுங்கள். 100 கி.மீ. கழித்தும், மறுபடி 500 கி.மீ. கழித்தும் காரைத் தூக்கி அந்தக் கோடுகளைப் பாருங்கள். முறிந்த கோடு தெரிந்தால் அந்தப் போல்ட்டைக் கழற்றி, இழையைப் பார்த்து, புதிய நட்டு போட்டு மறுபடி இறுக்குங்கள்.